ஸ்டியரிங் தண்டை இறக்கிய ஹாட் ராடில் வரும் கோளாறுகள்: அறிகுறி வாரியாகச் சரிபார்க்கும் முறை

பழைய காரை வேகத்துக்காகவும் தோற்றத்துக்காகவும் மாற்றிக் கட்டினால் அது ஹாட் ராட். கூரையை வெட்டித் தாழ்த்திய 1932 ஃபோர்டு கூப்பேயில் ஓட்டுபவரின் தலை இடிக்காமல் இருக்க வேண்டுமானால் இருக்கையும் தாழ்ந்தாக வேண்டும். இருக்கை தாழ்ந்தவுடன், அதுவரை பொருத்தமான உயரத்தில் இருந்த ஸ்டியரிங் சக்கரம் மோவாய்க்கு நேரே வந்து நிற்கும். பாடியைச் சேஸிஸின் மேல் இறக்கிப் பொருத்திய கார்களிலும் இதே கதைதான். எனவே டேஷ்போர்டுக்கு அடியில் நீளமான பிராக்கெட் ஒன்றை மாட்டி, ஸ்டியரிங் தண்டைக் கீழே கொண்டுவருகிறார்கள். கலிபோர்னியாவில் வார இறுதிகளில் நான் கைவேலை செய்யும் சிறிய பட்டறைக்கு, இப்படி இறக்கிய பிறகு ஏதோ ஒன்று சரியில்லை என்று வரும் கார்கள் ஓய்வதே இல்லை. இறக்குவது மேலே, டேஷ்போர்டில். ஆனால் கோளாறு முளைப்பது பெரும்பாலும் கீழே, தரைத்தகட்டுக்கு அப்பால். பலர் மேலேயே தேடிக்கொண்டிருப்பதால்தான் அது அகப்படுவதில்லை.

இந்தக் குறிப்பில் 'தண்டு' என்பது வெளிக்குழாயும் அதற்குள் சுழலும் ஷாஃப்ட்டும் சேர்ந்த முழு அமைப்பைக் குறிக்கும்; 'சக்கரம்' என்று மட்டும் சொன்னால் ஸ்டியரிங் சக்கரத்தைக் குறிக்கும்.

தொடங்குமுன்: உங்கள் காரில் இருப்பது எந்த வகை?

காரை ஜாக் ஸ்டாண்டில் நிறுத்தி முன்சக்கரங்கள் இரண்டும் தரையைத் தொடாமல் தூக்கி, பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, தண்டு எங்கே முடிகிறது என்று பாருங்கள். மாடல் ஏ முதல் 1930களின் ஃபோர்டுகள் வரை தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருந்தால், தண்டும் ஸ்டியரிங் பாக்ஸும் (தண்டின் சுழற்சியை முன்சக்கரங்களைத் திருப்பும் அசைவாக மாற்றும் பற்சக்கரப் பெட்டி) ஒரே உடலாக, இடையில் மூட்டு எதுவும் இல்லாமல் இருக்கும். பிற்காலத்துத் தண்டு ஒன்றை வாங்கி, 1971 முதல் 1977 வரை வந்த செவர்லே வேகாவின் பாக்ஸைப் போன்ற ஒன்றோடு யூ-ஜாயின்ட் (கோணத்தில் மடங்கியபடியே சுழலும் மூட்டு) வைத்து இணைத்திருந்தால் அது இரண்டாம் வகை. முதல் வகையில் மேலே அசைத்தால் பாக்ஸும் அசைந்தாக வேண்டும். இரண்டாம் வகையில் மூட்டுகளின் கோணம் மாறும். கீழே சொல்லப்படும் சோதனைகளில் எது உங்களுக்கு உரியது என்பதை இந்த ஒரு வேறுபாடே தீர்மானிக்கும்.

அறிகுறி 1: சக்கரம் இன்னும் உயரமாக இருக்கிறது, அல்லது இறக்கிய பின் தொடையில் உரசுகிறது

*இருக்கை.* செலவே இல்லாத சோதனை இதுதான். தண்டை இறக்குவதற்கு முன்பே இருக்கையின் இறுதி உயரம் முடிவாகியிருக்க வேண்டும். தற்காலிகமாக ஒரு பலகையில் உட்கார்ந்து அளவெடுத்துவிட்டு, பிறகு 4 அங்குல நுரை வைத்து இருக்கை தைத்தவர்களின் கார்கள்தான் தொடையில் உரசும் குறையோடு வருகின்றன. ஓட்டப்போகிறவரே, ஓட்டும்போது அணியும் ஷூவோடு உட்கார்ந்து, வலது காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து பிரேக்குக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். அந்த அசைவில் தொடை மேலெழும் இடத்திலும் சக்கரத்தின் கீழ் விளிம்புக்கும் தொடைக்கும் இடையே மூன்று விரல் நுழைய வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் கணக்கு.

*சக்கரத்தின் அளவு.* 17 அங்குல விட்டமுள்ள சக்கரத்தை மாற்றி 15 அங்குலச் சக்கரம் போட்டால் கீழ் விளிம்பு ஓர் அங்குலம் மேலே போய்விடும். பவர் ஸ்டியரிங் இல்லாத காரில் சிறிய சக்கரம் நிறுத்துமிடத்தில் கையை ஒடிக்கும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

*பிராக்கெட்டின் கணக்கு.* பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். 2 அங்குலம் இறங்கும் பிராக்கெட் வாங்கினால் சக்கரமும் 2 அங்குலம்தான் இறங்கும் என்று எண்ணுகிறார்கள். தண்டு தரைத்தகட்டில் உள்ள பிடிமானத்தை அச்சாகக் கொண்டு சாய்கிறது. சக்கரமோ பிராக்கெட்டைத் தாண்டி வெளியே நிற்கிறது. தரைப் பிடிமானத்திலிருந்து பிராக்கெட் 24 அங்குலத்திலும் சக்கரம் 32 அங்குலத்திலும் இருந்தால், பிராக்கெட்டில் இறக்கும் 2 அங்குலம் சக்கரத்தில் ஏறக்குறைய 2.7 அங்குலமாகும். அதே வேளையில் தண்டின் சாய்வு 5 டிகிரி அளவுக்கு மாறுகிறது. தரைக்கு அப்பால் 6 அங்குலம் நீண்டிருக்கும் கீழ்முனை அரை அங்குலம் மேலே எழுகிறது. இந்த அரை அங்குலத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பாதிக் கோளாறுகளுக்கு அதுவே மூலம்.

பிராக்கெட் வாங்குமுன் தண்டின் வெளிக்குழாய் விட்டத்தைக் காலிப்பரால் அளக்க வேண்டும். 2 அங்குலக் குழாய்க்கும் 2.25 அங்குலக் குழாய்க்கும் தனித்தனிக் கிளாம்புகள் உண்டு. பெரியதை வாங்கி ரப்பர் சுற்றி இறுக்கிவிடலாம் என்ற யோசனையை அங்கேயே விட்டுவிடுங்கள்.

*மேலும் இறக்க வேண்டுமானால்:* தரைத்தகட்டில் உள்ள துளையையே இடம் மாற்ற வேண்டும். தகட்டு வேலை தெரியாதவர்கள் இந்தக் கட்டத்தில் பட்டறையை நாடுவது நல்லது.

அறிகுறி 2: சக்கரம் ஒரு சுற்றில் இரண்டு முறை இறுகி, இரண்டு முறை தளர்கிறது

யூ-ஜாயின்ட் உள்ள வகைக்கு மட்டும் உரிய கோளாறு இது. நான் மிகுதியாகப் பார்த்ததும் இதுவே. முன்சக்கரங்கள் தரையில் படாத நிலையில் ஸ்டியரிங்கை ஒரே ஒரு விரலால் மெதுவாகச் சுற்றினால், கால் சுற்றுக்கு ஒருமுறை இறுக்கமும் தளர்வும் மாறி மாறி வருவது தெளிவாகத் தெரியும்.

*முதல் சோதனை: மேலா, கீழா?* பாக்ஸோடு சேரும் கீழ் மூட்டைக் கழற்றிவிட்டு மறுபடியும் சுற்றுங்கள். இறுக்கம் மறைந்துவிட்டால், பாக்ஸையோ கீழ் மூட்டின் கோணத்தையோ பார்க்க வேண்டும். மறையவில்லை என்றால் குற்றம் தண்டிலோ மேல் மூட்டிலோ இருக்கிறது. இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்யாமல் பாக்ஸ் ஒன்றை விலை கொடுத்து வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

*ஷாஃப்ட் முனை துருத்துகிறதா?* மூட்டின் கவைக்குள் (ஷாஃப்ட்டைப் பிடிக்கும் இரு கிளைப் பாகம்) ஷாஃப்ட் நுழையும் இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். ஷாஃப்ட்டின் முனை கவையின் உள்முகத்தோடு சமமாக நிற்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் துருத்தினாலும், மூட்டு மடங்கும்போது அது நடுவில் இரு கவைகளையும் இணைக்கும் சிலுவை வடிவத் துண்டான கிராஸில் போய் இடிக்கும். இடித்திருந்தால் கிராஸின் மேல் பிறை வடிவில் பளபளவென்று தேய்ந்த தடம் ஒன்று இருக்கும். தண்டை இறக்கியபோது ஷாஃப்ட்டை வெட்டாமல் உள்ளே தள்ளிச் சமாளித்தவர்களின் காரில் இந்தத் தடம் தவறாமல் இருக்கும். ஷாஃப்ட்டைக் கழற்றி வேண்டிய அளவு வெட்டி, முனையை அரம் போட்டால் போதும்.

*கவைகள் ஒரே தளத்தில் நிற்கின்றனவா?* இரண்டு மூட்டுகள் இருந்தால், இடையில் உள்ள ஷாஃப்ட்டின் இரு முனைகளிலும் இருக்கும் கவைகள் ஒன்றுக்கொன்று நேராக, ஒரே தளத்தில் அமைய வேண்டும். ஒன்று உண்டாக்கும் வேக வேறுபாட்டை மற்றது அழிப்பது அப்போதுதான். 36 பல் கொண்ட ஸ்பிளைனில் (ஷாஃப்ட் முனையில் நீளவாட்டில் வெட்டிய பற்கள்) ஒரு பல் தவறினால் 10 டிகிரி விலகும். கழற்றி மாட்டும்போது மார்க்கரால் கோடு இழுத்துக்கொள்ளாதவர்கள் இதில்தான் சிக்குகிறார்கள்.

*கோணம் எவ்வளவு?* கோணமானியை முதலில் மேல் ஷாஃப்ட்டின் மீதும் பிறகு இடை ஷாஃப்ட்டின் மீதும் வைத்துப் படித்துக் கழியுங்கள். பக்கவாட்டில் இருக்கும் கோணத்தையும் மேலிருந்து பார்த்து அளக்க வேண்டும். பக்கத்திலிருந்து மட்டும் பார்த்துவிட்டு 25 டிகிரிதான் என்று சாதிப்பவர்கள் அந்த இரண்டாவது கோணத்தை மறந்துவிடுகிறார்கள். ஒற்றை யூ-ஜாயின்ட்டுக்கு 35 டிகிரி என்பதை மேல் எல்லையாகக் கொள்ளலாம். 30 டிகிரிக்குள் இருந்தால் கைக்கு மென்மையாக இருக்கும். தண்டை இறக்குமுன் 31 டிகிரியில் நின்ற மூட்டு, மேலே சொன்ன 5 டிகிரி சேர்ந்தவுடன் எல்லையைத் தாண்டிவிடுகிறது. தண்டின் கீழ்முனையைச் சற்றே வெட்டிக் குறைத்து மூட்டை மேலே நகர்த்தினால் சில சமயம் கோணம் அடங்கும். அடங்காவிட்டால் இரட்டை யூ-ஜாயின்ட்டோ மூன்றாவது மூட்டோ தேவைப்படும்.

*மூன்று மூட்டு இருந்தால் தாங்கும் பேரிங் இருக்கிறதா?* இரண்டு மூட்டுக்கு நடுவே தாங்கி தேவையில்லை; மூன்றாவது மூட்டு வந்துவிட்டால் கட்டாயம் வேண்டும். வேறொரு பட்டறையில் வேலை முடித்து வந்த கார் ஒன்றில் மூன்று மூட்டு இருந்தது, தாங்கி இல்லை. நான் கீழே படுத்துக்கொண்டு நண்பரைச் சக்கரத்தைத் திருப்பச் சொன்னேன். நடு மூட்டு ஸ்கிப்பிங் கயிறு போல வளைந்து சுழன்றது, அதன் பிறகுதான் முன்சக்கரம் அசைந்தது. அந்தக் கார் நெடுஞ்சாலையில் 40 மைல் ஓடி வந்திருந்தது என்பதை நினைத்தால் இன்னும் வயிற்றைக் கலக்குகிறது. சேஸிஸில் உறுதியாகப் பொருத்திய ராட் எண்ட் பேரிங் ஒன்றின் வழியே ஷாஃப்ட் செல்ல வேண்டும். அந்தப் பேரிங் ஷாஃப்ட்டைப் பக்கவாட்டில் இழுக்காமல், அது இயல்பாக நிற்கும் இடத்திலேயே பிடிக்க வேண்டும்.

*தண்டின் அடிப் பேரிங்.* நீளம் குறைக்கத் தண்டை வெட்டியவர்கள் அடிமுனைப் பேரிங்கைத் திரும்பப் போடாமல் விட்டுவிடுவது உண்டு. ஷாஃப்ட்டைக் கையால் பிடித்துக் குறுக்கே ஆட்டினால் குழாயில் இடிக்கும் சத்தம் கேட்கும்.

*நிபுணரிடம் போக வேண்டிய இடம்:* ஷாஃப்ட்டிலோ மூட்டிலோ வெல்டிங் தேவைப்படும்போது. மூட்டுக்குள் இருக்கும் ஊசிப் பேரிங் வெல்டிங் சூட்டில் கெட்டுவிடும். பற்று சரியாக உருகிச் சேர்ந்ததா என்பதும் வெளியே பார்த்தால் தெரியாது. ஸ்டியரிங்கில் நான் வெல்டிங் செய்வதில்லை, செய்யும்படி யாருக்கும் சொல்வதுமில்லை. செட் ஸ்குரூ வகை மூட்டானால், ஷாஃப்ட்டில் ஸ்குரூ அமரும் இடத்தில் சிறு குழி போட்டு, திரெட் லாக் பசை தடவி, மேலே பூட்டு நட்டையும் இறுக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் மூட்டு நாளடைவில் வழுகும்.

அறிகுறி 3: ஸ்டியரிங் எல்லா நிலையிலும் ஒரே சீராகக் கனக்கிறது

தண்டும் பாக்ஸும் ஒரே உடலாக உள்ள கார்களில், பாக்ஸை அசைக்காமல் டேஷ்போர்டில் மட்டும் இழுத்து இறுக்கினால் இப்படி ஆகும். சோதனை எளியது: டேஷ்போர்டு பிராக்கெட்டின் போல்ட்டுகளைத் தளர்த்துங்கள். தண்டு இருந்த இடத்திலேயே நின்றால் அமைப்பு சரி. வில் விட்டதுபோல் டப்பென்று அரை அங்குலம் மேலே எழும்பினால், வெளிக்குழாய் இத்தனை நாளும் வளைந்து, உள்ளே ஷாஃப்ட்டை அழுத்திக்கொண்டிருந்தது என்று பொருள்.

இதற்கு, பாக்ஸைச் சேஸிஸில் பிடிக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி, தண்டு தானாகவே புதிய சாய்வுக்கு வரும்படி பாக்ஸைத் திருப்பிவிட்டு, முதலில் பாக்ஸையும் கடைசியில் டேஷ்போர்டையும் இறுக்க வேண்டும். வரிசையை மாற்றினால் பழைய கதைதான். பாக்ஸுக்கும் சேஸிஸுக்கும் இடையே ஆப்பு வடிவத் தகடு தேவைப்பட்டால், அதை லேத்தில் கடைந்து முழு முகமும் படியுமாறு செய்துகொள்ள வேண்டும். வாஷர்களை அடுக்கிச் சமாளிக்கக் கூடாது. சேஸிஸில் துளையை நீளமாக்க வேண்டிய நிலை வந்தால் வேலையை நிறுத்திவிட்டு, சேஸிஸ் வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி 4: நேராகப் போகும்போது ப்ளே (வெற்றாட்டம்), திருப்பும்போது இறுக்கம்

அறிகுறி 3-ஐச் சரிசெய்தவர்கள் அடுத்த வாரமே இந்தக் குறையோடு திரும்பி வருவார்கள். பழைய வார்ம்-செக்டர் பாக்ஸின் (திருகு வடிவப் பல் ஒரு பற்சக்கரத் துண்டைத் திருப்பும் வகை) பற்கள் நடு நிலையில்தான் மிக நெருக்கமாகப் பொருந்தும்படி செய்யப்பட்டவை. பாக்ஸை 5 டிகிரி திருப்பும்போது பாக்ஸிலிருந்து வெளிவரும் கையான பிட்மேன் ஆர்மின் நடு நிலையும் 5 டிகிரி நகர்கிறது. 6 அங்குல நீளமுள்ள ஆர்மின் நுனியில் அது அரை அங்குலம். இப்போது முன்சக்கரங்கள் நேராக இருக்கும்போது பாக்ஸ் நடுவில் இல்லை.

பிட்மேன் ஆர்மிலிருந்து முன்சக்கரங்களுக்குப் போகும் கம்பியான டிராக் லிங்க்கைக் கழற்றி, ஸ்டியரிங்கை ஓர் எல்லையிலிருந்து மறு எல்லை வரை எண்ணிச் சுற்றுங்கள். அதில் சரிபாதியில் நிறுத்துங்கள். முன்சக்கரங்களை நேராக வைத்து, அந்த நிலைக்குப் பொருந்துமாறு டிராக் லிங்க்கின் நீளத்தை மாற்றுங்கள். சக்கரத்தின் ஆரக்கால் கோணலாகத் தெரிந்தால், கடைசியாக அதை மட்டும் கழற்றி நேராக்கி மாட்டலாம். ப்ளே இருக்கிறதே என்று பாக்ஸின் சரிசெய்யும் ஸ்குரூவை இறுக்குவது மட்டும் வேண்டாம்: நடுவிலிருந்து விலகிய இடத்தில் இறுக்கினால், வளைவு முடிந்து சக்கரம் நடு நிலையைக் கடக்கும்போது பற்கள் சிக்கிப் பிடிக்கும்.

நடுவில் வைத்த பிறகும் சக்கர விளிம்பில் 2 அங்குலத்துக்கு மேல் ப்ளே இருந்தால், கிங் பின் (முன்சக்கரம் திரும்பும் அச்சு), டை ராடு (இரு முன்சக்கரங்களையும் இணைக்கும் கம்பி) முனைகளைப் பார்த்துவிட்டு, பாக்ஸைப் பிரித்துப் புதுப்பிப்பவரிடம் கொடுக்க வேண்டும்.

அறிகுறி 5: சக்கரமே ஆடுகிறது, அல்லது முன்பின் நகர்கிறது

*மேலும் கீழும் ஆட்டம்.* முதலில் பிராக்கெட். மெல்லிய டேஷ்போர்டுத் தகட்டில் மட்டும் போல்ட் போட்டிருந்தால், தண்டோடு சேர்ந்து டேஷ்போர்டே மூச்சுவிடுவதுபோல் அசையும். 6 அங்குலம் இறங்கும் பிராக்கெட் நெம்புகோலாக வேலை செய்யும் என்பதால், அதிலிருந்து எஞ்சினுக்கும் ஓட்டுநருக்கும் இடையிலுள்ள தடுப்புச் சுவரான ஃபயர்வாலுக்கோ பக்கவாட்டுத் தூணுக்கோ ஒரு சாய்வுத் தாங்கி கொடுக்க வேண்டும்.

பிராக்கெட் உறுதியாக இருந்தும் சக்கரத் தலை மட்டும் ஆடினால், அது சாய்க்கும் வசதியுள்ள ஜெனரல் மோட்டார்ஸ் தண்டா என்று பாருங்கள். அந்தத் தலைக்குள் இருக்கும் நான்கு போல்ட்டுகள் காலப்போக்கில் தளர்வது ஊரறிந்த விஷயம். அவற்றை எட்ட, பூட்டுத் தகட்டை அமுக்கும் கருவியும் அச்சாணியை இழுக்கும் கருவியும் வேண்டும். கருவி இல்லாமல் திருப்புளி முனையால் நெம்பினால் வார்ப்பு உடையும். ஆகவே கருவி இல்லாதவர்கள் தண்டைக் கழற்றிக் கொண்டுபோய்க் கொடுப்பதே மலிவு.

*முன்னும் பின்னும் நகர்வு.* இதைக் கண்டால் காரை ஓட்ட வேண்டாம். அமெரிக்கச் சட்டப்படி 1968 ஜனவரி 1 முதல் விபத்தின்போது ஓட்டுநரின் மார்பைக் காக்கும் விதிகள் நடைமுறைக்கு வந்தன. அதையொட்டி 1960களின் இறுதியிலிருந்து வந்த தண்டுகள் மோதலில் தாமாகச் சுருங்கும்படி செய்யப்பட்டவை. ஜெனரல் மோட்டார்ஸ் தண்டில் இந்தச் சுருக்கத்தைத் தடுத்து வைத்திருப்பவை சிறிய பிளாஸ்டிக் ஆணிகள். மூட்டை ஏற்றுவதற்காக ஷாஃப்ட் முனையைச் சுத்தியால் அடித்தால் அவை அறுந்துவிடும். அறுந்த தண்டை வெல்டிங் வைத்துப் பூட்டினால் நகர்வு நின்றுவிடும். கூடவே சுருங்கும் குணமும் போய், தண்டு மார்புக்கு நேரே நீட்டிய ஈட்டியாகிவிடும். புதுப்பித்த தண்டோ மாற்றுத் தண்டோ வாங்குவதைத் தவிர இதற்கு வேறு வழியில்லை.

அறிகுறி 6: வேகமெடுக்கும்போது மட்டும் ஸ்டியரிங் அதிர்கிறது அல்லது பிடிக்கிறது

நின்ற நிலையில் எல்லாம் சரியாக இருக்கும். சோதனையில் ஒன்றும் அகப்படாது. அமெரிக்க வி8 எஞ்சின் இழுக்கும்போது அதன் இடப்பக்கம் மேலே எழும்; இடப்பக்கச் சைலன்சர் குழாய்களும் அதோடு எழும். தண்டை இறக்கியபோது ஷாஃப்ட்டும் இடம் மாறியிருப்பதால் இரண்டும் உரசுகின்றன. ஷாஃப்ட்டின் மேல் சாக்பீஸைத் தடவிவிட்டு ஒருமுறை ஓட்டி வந்து, எங்கே அழிந்திருக்கிறது என்று பாருங்கள். இடைவெளி ஓர் அங்குலத்துக்குக் குறைந்தால் எனக்கு நிம்மதி இருக்காது. முதலில் எஞ்சின் மவுண்ட் ரப்பர் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். அது விலை குறைவு. ரப்பர் நன்றாக இருந்தால் மூட்டின் இடத்தை மாற்ற வேண்டும், அல்லது குழாயை மாற்ற வேண்டும். குழாயைச் சுத்தியால் தட்டி இடம் செய்வது பலரும் செய்வதுதான், நானும் செய்திருக்கிறேன்.

அறிகுறி 7: பெடலுக்கு நடுவே கால் மாட்டுகிறது

பழைய ஃபோர்டுகளில் கிளட்ச் பெடல் தண்டுக்கு இடப்பக்கமும் பிரேக் பெடல் வலப்பக்கமும் தரையிலிருந்து எழும். தண்டு இறங்கியதும் ஷூவின் மேற்பகுதி குழாயில் மாட்டும். பெடல் பட்டையை மாற்றுவதோ வளைத்த பெடல் கை போடுவதோ தீர்வு. பிரேக்கிலிருந்து காலை எடுக்க முடியாமல் மாட்டுகிற கார் எதுவானாலும், இறக்கியதில் ஓர் அங்குலத்தைத் திருப்பி ஏற்றிவிடுங்கள்.

அறிகுறி 8: ஸ்டார்ட் ஆகவில்லை, கியர் முள் தவறுகிறது, ஹாரன் தானாக அடிக்கிறது

தண்டிலேயே கியர் லீவர் இருந்தால், கீழ்முனை எழுந்த அந்த அரை அங்குலம் கியர்பாக்ஸுக்குப் போகும் லிங்க்கை இழுத்திருக்கும். லீவர் பார்க்கில் இருக்க, கியர்பாக்ஸ் அங்கே வந்திருக்காது; நியூட்ரல் சுவிட்ச் ஸ்டார்ட்டருக்கு அனுமதி தராது. சாய்வில் நிறுத்தினால் கார் உருளவும் கூடும். லிங்க்கின் நீளத்தைச் சரிசெய்து, ஒவ்வொரு கியரிலும் கியர்பாக்ஸ் கிளிக்கென்று அமர்கிறதா என்று கீழே படுத்துக் கேளுங்கள்.

மாடல் ஏ-யில் ஹாரன் பொத்தானிலிருந்தும் விளக்கு நெம்புகோலிலிருந்தும் போகும் கம்பி தண்டின் நடுவே சென்று பாக்ஸின் அடியில் உள்ள சுவிட்சில் முடியும். பாக்ஸைத் திருப்பினால் அந்தச் சுவிட்சின் ஒயர்கள் இழுபடும். பிற்காலத் தண்டுகளில் ஒயர் கட்டு பிராக்கெட்டுக்கும் குழாய்க்கும் இடையே நசுங்கியிருக்கும். இடப்பக்கம் திருப்பும்போது மட்டும் ஹாரன் அடித்தால் பிராக்கெட்டைத் தளர்த்தி, தோல் உரிந்த ஒயரைக் கண்டுபிடித்துப் புதிய துண்டு சேர்த்து, கிளாம்புக்கு வெளியே கொண்டுபோய்க் கட்டிவிடுங்கள்.